மிளகாய் காலராவை அடக்குமா?

மிளகாய் காலராக் கிருமியின் விஷத்தைத் தடுக்கும் என்று கேட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரர்களான நமக்குக் குஷிதான். கறியில் காரம் குறைந்தாலே முகம் சுளிப்பவர்கள் நாம். பேச்சும் பொய்யில்லை. இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் எழுதியதுதான்: காரத்துக்குக் காரணமான கேப்சைசின், கிருமியைக் கொல்லாமலே அது விஷம் தயாரிப்பதைக் குறைத்தது. ஆனால் நடந்தது ஆய்வுக்கூடத்தில். மிளகாய்ச் சாறு எடுத்தது, குடிக்கக் கூடாத ரசாயனமான மெத்தனாலில். அதை நம்பி ரசத்தில் காரத்தைக் கூட்டினால் கலங்கிய வயிறு இன்னும் எரியும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தவறு நேரத்தை மறப்பது. காலரா விஷம் குடல் செல்களில் ஒட்டி உள்ளே போய்விட்டால், அங்கிருந்து உப்பு வெளியேறும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை இழப்பு. புது விஷம் உருவாவதைத் தடுக்கும் மூலிகை, ஏற்கெனவே உள்ளே போன விஷத்தை என்ன செய்யும்? இலையை அரைத்துக் காய்ச்சி வடிகட்டுவதற்குள் ஆள் வற்றிவிடுவார். முதலில் உப்பு-சர்க்கரை நீர். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அதைக் குடித்தபடியே கிளினிக்குக்குக் கிளம்ப வேண்டும். 2000 ஆகஸ்டில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தொடங்கிய காலரா ஒரு லட்சம் பேருக்கு மேல் பிடித்தும், இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இழந்த நீரை உடனே ஈடுகட்டியதுதான் அதற்கு முக்கியக் காரணம்.

அப்புறம் இன்னொரு தவறு, மலத்தில் ரத்தம் கண்டால் அலமாரியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்குவது. ஈ.கோலை என்ற குடல் கிருமியில் ஷிகா என்ற விஷம் சுரக்கும் வகை ஒன்று உண்டு. சில ஆன்டிபயாடிக்குகள் பட்டால் அது இன்னும் அதிகமாக விஷத்தைக் கக்கும். கொல்லாமல் விஷத்தை மட்டும் அடக்கும் தாவரச் சாறுகளை ஆய்வாளர்கள் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசித் தவறு, கஷாயத்துக்கு வேப்பிலை தேடிப்போய் மரத்தையே மாற்றிப் பறிப்பது. இங்கே தெருவோரம் நிற்கும் சிரிங்கா மரம், பார்வைக்கு வேம்பு மாதிரியே இருக்கும்; உறவும் உண்டு. ஆனால் அதன் பழம் மனிதருக்கு விஷம், இலையும் குடிக்கத் தக்கதல்ல. வேப்பிலை என்று யாராவது கொண்டுவந்தால் எந்த மரத்தில் பறித்தார்கள் என்று கேளுங்கள். குழந்தைக்கு என்றால் கஷாயப் பேச்சே வேண்டாம்.