கைத்துப்பாக்கியில் குழல் மாற்றம்: பலரும் செய்யும் தவறுகள்

சுடுதளத்தின் சிமென்ட் தரையில் கிடந்த வெற்றுத் தோட்டா உறையை எடுத்துப் பார்த்தேன். பித்தளை பலூனைப்போல உப்பி, வாயிலிருந்து நீளவாக்கில் கிழிந்திருந்தது. அடியில் 9 மி.மீ. என்ற முத்திரை. பக்கத்துத் தடத்தில் நின்றவரின் துப்பாக்கி ஸ்லைடிலோ (சுடும்போது முன்பின் நகரும் மேல்பாகம்) 40 என்று பொறித்திருந்தது. முந்தைய வாரம் அதில் 9 மி.மீ. குழலைப் போட்டுச் சுட்டிருக்கிறார். வீட்டில் துடைத்து வைக்கும்போது பழைய .40 (அங்குலக் கணக்கு, சுமார் 10 மி.மீ.) குழலை மாட்டிவிட்டார், 9 மி.மீ. தோட்டா நிரம்பிய மேகசின் என்ற தோட்டாப் பெட்டி மட்டும் பையிலேயே தங்கிவிட்டது. சுமார் 9 மி.மீ. விட்டமுள்ள குண்டு, 10 மி.மீ. துளைக்குள் பிடிப்பில்லாமல் உருண்டோடி எங்கோ போய் விழுந்தது. நல்லவேளை, அவருக்குக் காயம் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் குழல் மாற்றும் பழக்கம் பரவியதற்கு ஒரு பின்னணி உண்டு. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு 9 மி.மீ. தோட்டாவின் மேல் நம்பிக்கை குறைந்தது. எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ. ஆட்டோ தோட்டாவை நாடியது. அதைக் குட்டையாக்கி 1990-இல் .40 ஸ்மித் அண்ட் வெசன் தோட்டா வந்தது. காவல் துறைகள் பலவும் க்ளாக் 22 போன்ற .40 துப்பாக்கிகளுக்கு மாறின. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எஃப்.பி.ஐ. மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்பியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் கழித்துவிட்ட .40 துப்பாக்கிகள் மலிவு விலையில் கடைகளுக்கு வந்தன. 9 மி.மீ. தோட்டாவும் .40-ஐவிட விலை குறைவு. பிறகென்ன, "ஒரு குழல் வாங்கினால் இரண்டு துப்பாக்கி" என்ற ஆசை யாரை விட்டது?

குண்டின் பருமனை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. நான் தோட்டாவைக் கவிழ்த்து அடியைப் பார்க்கச் சொல்வேன். உறையின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். ஸ்லைடில் உள்ள எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி அந்த விளிம்பைப் பிடித்துத்தான் சுட்ட உறையை வெளியே இழுக்கிறது. .40 தோட்டாவின் விளிம்பு 10.77 மி.மீ. அகலம். 1994-இல் வந்த .357 சிக் தோட்டாவுக்கும் அதே அளவுதான்; .40 மாதிரியான உறையின் கழுத்தை நெரித்து, 9 மி.மீ. குண்டைப் பொருத்திய வடிவம் அது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் க்ளாக் 22-இலும் சிக் நிறுவனத்தின் .40 பி229 துப்பாக்கியிலும் குழலை மட்டும் மாற்றினால் போதும், மேகசின்கூட அதுவே ஒத்துப்போகும்.

9 மி.மீ. அப்படியில்லை. அதன் விளிம்பு 9.96 மி.மீ.தான். முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான வித்தியாசம், நகக்கண் அளவுகூட இல்லை. ஆனால் .40-க்காகச் செதுக்கிய ஸ்லைடு முகப்பில் அந்தச் சிறிய அடி அங்குமிங்கும் ஆடுகிறது, கொக்கியின் பிடி தளர்கிறது. பத்து முறை ஒழுங்காக வெளியேறும் உறை, பதினோராவது முறை ஸ்லைடின் இடுக்கில் புகைபோக்கிபோல நட்டுக்கொண்டு நிற்கும். பலருக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை என்பதும் உண்மைதான். பயிற்சிக்கு இது போதும் என்பேன். தற்காப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கி என்றால் பழைய குழலையே மாட்டி வையுங்கள்; அல்லது 9 மி.மீ.க்குரிய எக்ஸ்ட்ராக்டரையும், உறையை வெளியே தட்டிவிடும் எஜெக்டரையும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றி, சில நூறு தோட்டாக்களாவது சுட்டுப் பார்த்த பிறகு நம்புங்கள்.

இன்னொரு தவறு சிக்கனத்தால் வருவது. நண்பரிடம் க்ளாக் 17-இன் பழைய குழல் இருக்கிறது, அதுவும் 9 மி.மீ.தான், நீளமும் ஒன்றுதான் என்று க்ளாக் 22-இல் செருகிவிடுகிறார்கள். உள்ளே போய்விடும், ஆனால் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளாது. .40 ஸ்லைடின் திறப்பு அகலமானது. மாற்றுக் குழல் என்று தனியாக விற்பவை வெளியளவில் .40 ஆகவும் துளையில் 9 மி.மீ. ஆகவும் செய்யப்பட்டவை. அதைத்தான் வாங்க வேண்டும். எதிர்த்திசையில், 9 மி.மீ. துப்பாக்கியை .40 ஆக்க முயலவே வேண்டாம். பெரிய சட்டைக்குள் சின்ன உடம்பு நுழையும். சின்ன சட்டைக்குள் பெரிய உடம்பு நுழையாது.

மேகசினுக்கும் இதே கதைதான். .40 மேகசினில் 9 மி.மீ. தோட்டாவை நிரப்பினால் சில சமயம் வேலை செய்யும். அந்தச் "சில சமயம்" பிடிக்காதவர்கள் க்ளாக் 17-இன் மேகசினை வாங்கிக்கொள்ளலாம், வெளியளவு ஒன்றே.

அழுத்தத்தை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. அமெரிக்கத் தொழில் தரப்படி .40 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .357 சிக்குக்கு 40,000. அளவு பொருந்துகிறது என்பதாலேயே துப்பாக்கி அதைத் தாங்கும் என்று ஆகிவிடாது. உங்கள் மாடலை அதன் தயாரிப்பாளரே இரண்டு தோட்டாவிலும் விற்றிருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்பிரிங் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

10 மி.மீ. துப்பாக்கி வைத்திருப்போர் சிலர் குழலை மாற்றாமலேயே .40 தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள். 10 மி.மீ. உறையின் நீளம் 25.2 மி.மீ., .40-இன் உறை 21.6 மி.மீ. இந்தத் தோட்டாக்கள் உறையின் வாய்விளிம்பு குழலின் உட்புறப் படியில் முட்டித்தான் சரியான இடத்தில் நிற்க வேண்டும். குட்டை உறை அந்தப் படியை எட்டாது, கொக்கியில் தொங்கிக்கொண்டேதான் வெடிக்கும். வெடித்தாலும் அது சரியான வழி ஆகாது. சின்ன .22 தோட்டாவைப் பற்றி ஒரே வரி: அதற்கு அடி விளிம்பில் குத்தினால்தான் தீப்பிடிக்கும், ஆகவே குழல் மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது, மேல்பாகம் முழுவதும் வேண்டும்.

புதுக் குழல் வந்ததும் நான் செய்யும் முதல் காரியம் இது. துப்பாக்கியில் மாட்டுவதற்கு முன், குழலை வாய் கீழ்நோக்க இடக்கையில் பிடித்து, வாங்கி வைத்திருக்கும் தோட்டா ஒன்றைக் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் நழுவ விடுவேன். "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். விரல் நுனியால் தொட்டால் தோட்டா சுழல வேண்டும், குழலைக் கவிழ்த்தால் தானாகவே வெளியே விழ வேண்டும். ஒருமுறை விழவில்லை; குழலை மேசையில் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அரத்தை எடுக்கவில்லை, குழலைத் திருப்பி அனுப்பினேன்.

ஸ்லைடில் பொறித்த எண் மாறாது என்பதால், இரவல் வாங்கிச் சுடுகிறவர் அதை நம்பித்தான் தோட்டாவை எடுப்பார். குழலின் பின்பகுதியில் உள்ள எண்தான் நிஜம். ஒவ்வொரு குழலையும் அதற்குரிய மேகசின்களோடும் தோட்டாவோடும் ஒரே பையில் வைத்து, மேகசின்களின் அடியில் நிற நாடா ஒட்டி வைத்திருக்கிறேன்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கைத்துப்பாக்கி என்பது அதன் சட்டகம்தான், அதாவது பிடியோடு சேர்ந்த அடிப்பாகம். அதனால் குழல் பெரும்பாலான மாநிலங்களில் தபாலிலேயே வந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் முனையில் திருகு மரை வெட்டிய குழலைச் சாதாரணக் கைத்துப்பாக்கியில் மாட்டினால், அது தடை செய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமோ பாகங்களையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுகிறவர் பெட்டியின் மூலையில் ஒரு குழலை மறந்து விட்டுவிட்டால், சென்னை விமான நிலையத்தில் அதை வெறும் உதிரிபாகம் என்று சொல்லித் தப்ப முடியாது.