ப்யூர் டேட்டாவில் அர்ரேயும் வேவ்டேபிளும்: முதல் பாடம்

ப்யூர் டேட்டா என்பது திரையில் பெட்டிகளைக் கோட்டால் இணைத்து ஒலி உண்டாக்கும் மென்பொருள். அதைத் திறந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் போடுவது [ஆஸ்க்~ 440]. சைன் ஒலி வந்துவிடும். அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே அது ஒரு கொசைன் அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அலையின் ஒரு சுற்றை எண்களாக வைத்திருக்கும் இப்படிப்பட்ட அட்டவணைதான் வேவ்டேபிள். அந்த அட்டவணையை நாமே போட்டு, நாமே படித்துப் பார்ப்பதுதான் இந்தப் பாடம்.

அர்ரே என்றால் எண்களின் வரிசை. அதற்கு நேரமும் தெரியாது, சுருதியும் தெரியாது. அதே 512 எண்களை நொடிக்கு 220 தடவை படித்தால் அது ஒரு ஸ்வரம். நொடிக்கு 5 தடவை படித்தால் சுருதியை ஆட்டும் வைப்ரேட்டோ. எல்லாமே படிக்கிற வேகத்தில்தான் இருக்கிறது. கீழே வருகிற ஒவ்வொரு பேட்ச்சிலும் (இணைத்த பெட்டிகளின் தொகுப்பு) இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். பெல் லேப்ஸில் மேக்ஸ் மேத்யூஸ் 1950களின் கடைசியில் எழுதிய மியூசிக் நிரல்களிலேயே அலையை அட்டவணையாக வைத்துப் படிக்கும் முறை வந்துவிட்டது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் (ஒலியாக அடுத்தடுத்து அனுப்பும் எண்களில் ஒன்று) சைனைக் கணக்கிட அன்றைய கணினிக்குத் தெம்பில்லை. ஒரு சுற்றை மட்டும் கணக்கிட்டு வைத்துக்கொண்டு அதையே படிப்பது மலிவு. பிறகு மில்லர் பக்கெட் தான் எழுதிய மென்பொருளுக்கு இவருடைய பெயரையே வைத்தார்: மேக்ஸ். அதே பக்கெட் 1990களில் எழுதியதுதான் ப்யூர் டேட்டா.

தொடங்கும் முன் ஒன்று. ஆப்ஜெக்ட், அதாவது பெட்டி, பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பேட்ச்சில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், பெயருக்குள் இடைவெளி விடாமல் டைப் செய்யுங்கள். கடைசியில் ~ குறி இருந்தால் அது ஆடியோ ஆப்ஜெக்ட். அதை விட்டுவிட்டால் வேறு ஆப்ஜெக்ட் வந்துவிடும், அல்லது பெட்டி உடைந்த கோடாகவே நிற்கும்.

அர்ரேயைப் போடுவது

புதிய பேட்ச்சில் புட் மெனு, அதில் அர்ரே. ஒரு பெட்டி திறக்கும். பெயருக்கு அலை1 என்று கொடுங்கள் (இதையும் ஆங்கில எழுத்தில்). அளவு 100 என்று இருக்கும்; இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம். ஓகே கொடுத்ததும் நடுவில் ஒரு கோட்டுடன் சட்டம் வரும். கன்ட்ரோல்+இ அழுத்தி எடிட் மோடை விட்டு வெளியே வந்து, அந்தக் கோட்டை மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நீங்கள் வரைகிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். மேல் விளிம்பு 1, கீழ் விளிம்பு -1.

வரைந்து விளையாடியது போதும். சுத்தமான அலை ஒன்றை ஏற்றலாம். ஒரு மெசேஜ் பெட்டியில் இதை எழுதுங்கள்:

; அலை1 சைன்சம் 512 1

முன்னால் இருக்கிற அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வருகிற முதல் சொல் யாருக்கு, மீதி என்ன செய்தி என்று அதை வைத்துத்தான் ப்யூர் டேட்டா புரிந்துகொள்கிறது. மெசேஜைக் கிளிக் செய்தால் சட்டத்தில் ஒரு சைன் அலை வந்து உட்காரும். இப்போது அர்ரேயின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து அளவைப் பாருங்கள். 100 போய்விட்டது. வந்திருப்பது 512 அல்ல, 515.

அந்த மூன்று புள்ளி

புதிதாக வருகிறவர்களைக் குழப்புவதில் முதலிடம் இதற்குத்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 220 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 200 சாம்பிள்கள்தான் கிடைக்கும். அட்டவணையிலோ 512 புள்ளிகள். ஆக, ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டரைப் புள்ளிக்கு மேல் தாண்டிப் போக வேண்டும். 37.4-வது புள்ளியில் என்ன மதிப்பு என்று கேட்டால் அர்ரேயில் பதில் கிடையாது. அதில் 37 உண்டு, 38 உண்டு. நடுவில் இருப்பதை ஊகிக்க வேண்டும். டேப்ரீட்4~ பெயரில் இருக்கிற 4 அதைத்தான் சொல்கிறது: இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஆக நான்கு புள்ளிகளைப் பார்த்து ஒரு வளைவைப் பொருத்தி விடை சொல்கிறது.

சுற்றின் ஓரத்தில் நிற்கும்போது நான்கு புள்ளிக்கு எங்கே போவது? அதற்காகத்தான் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு கூடுதல் புள்ளிகள். 0-வது புள்ளி சுற்றின் கடைசிப் புள்ளியின் நகல். 513-ம் 514-ம் சுற்றின் முதல் இரண்டு புள்ளிகளின் நகல். உண்மையான சுற்று 1 முதல் 512 வரை. சைன்சம் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. கையால் வரைந்தால் நீங்கள்தான் பார்க்க வேண்டும்; அதற்குப் பிறகு வருவோம்.

படிப்பது

இந்த வரிசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இணையுங்கள்:

[ஃபேஸர்~ 220]
|
[*~ 512]
|
[+~ 1]
|
[டேப்ரீட்4~ அலை1]
|
[*~ 0.1]
|
[டிஏசி~]

ஃபேஸர்~ 0-இலிருந்து 1 வரை ஏறி, சட்டென்று 0-க்கு விழுந்து, மறுபடி ஏறும். நொடிக்கு 220 தடவை. அதை 512-ஆல் பெருக்கினால் 0 முதல் 512. ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 513. மேலே சொன்ன ஓரப் புள்ளி விவகாரம் புரிந்திருந்தால் இந்த +1 ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 0.1 உங்கள் காதுக்காக. டிஏசி~ என்பது ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி; ஹெட்ஃபோன் போட்டிருக்கும்போது அந்த 0.1 பெட்டி இல்லாமல் எதையும் அதில் செருகாதீர்கள்.

கன்ட்ரோல் விசையோடு / அழுத்தினால் ஒலி வரும். அதை ஓடவிட்டபடியே இந்த மெசேஜைக் கிளிக் செய்யுங்கள்:

; அலை1 சைன்சம் 512 1 0.5 0.33 0.25 0.2

512-க்குப் பின்னால் வருகிற எண்கள் ஒவ்வொரு ஹார்மோனிக்கின் (அடிப்படை அதிர்வெண்ணின் 1, 2, 3 மடங்கு என்று வருபவை) பலம். இது ரம்பப் பல் அலைக்கு அருகில் வரும். 1 0 0.33 0 0.2 என்று கொடுத்தால் சதுர அலையின் பக்கம் சாயும். படித்தல் நிற்கவே இல்லை, ஃபேஸர்~-ஐ நாம் தொடவும் இல்லை; எண்கள் மாறின, நாதத்தின் குணம் மாறிவிட்டது. அலை சட்டத்துக்கு வெளியே போனால் ; அலை1 நார்மலைஸ் 1 என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள், உள்ளே வந்துவிடும்.

இதே வேலைக்கு [டேப்ஆஸ்க்4~ அலை1] என்று ஒரே பெட்டி இருக்கிறது. மேலே உள்ள நான்கு பெட்டிகளை அது விழுங்கிவிடும். ஆனால் அதற்குத் தருகிற அர்ரே இரண்டின் அடுக்கு கூட்டல் மூன்று என்ற அளவில்தான் இருக்க வேண்டும்: 131, 259, 515, 1027. நாம் முதலில் விட்டிருந்த 100-ஐக் கொடுத்திருந்தால் கன்சோலில் சிவப்பில் திட்டியிருக்கும்.

அலையைக் கையால் வரைந்தால் ஓரங்களைச் சரிசெய்ய ஒரு சின்ன பேட்ச் போதும். [டேப்ரீட் அலை1]-க்கு 512 அனுப்புங்கள். வருகிற மதிப்பை [டேப்ரைட் அலை1]-இன் இடது இன்லெட்டில் (பெட்டியின் மேல் விளிம்பில் உள்ள நுழைவு) கொடுங்கள். அதற்கு முன்பே வலது இன்லெட்டில் 0 போயிருக்க வேண்டும். இதேபோல் 1-ஐப் படித்து 513-இல், 2-ஐப் படித்து 514-இல் எழுதுங்கள். வலது இன்லெட் முதலில், இடது பிறகு என்ற வரிசை தப்பினால் மதிப்பு தவறான இடத்தில் போய் விழும். [டிரிக்கர் பி பி] போட்டு வரிசையைக் கட்டிவிடுவது நல்லது.

ஹார்மோனிக்கை எவ்வளவு அடுக்கலாம்?

ஆசைக்கு இருபது ஹார்மோனிக் போட்டுவிட்டு சுருதியை ஏற்றிப் பாருங்கள். 220-இல் அருமையாக இருக்கும். 1,760-க்குப் போனால் சம்பந்தமே இல்லாத ஒரு கீச்சல் கலந்து வரும். இருபதாவது ஹார்மோனிக் 35,200 ஹெர்ட்ஸ். 44,100 சாம்பிள் வேகத்தில் 22,050-க்கு மேல் எதற்கும் இடமில்லை. அது மடங்கி 8,900-இல் வந்து நிற்கும். இதற்கு அலியாசிங் என்று பெயர். 1,760-க்குப் பன்னிரண்டு ஹார்மோனிக்குக்கு மேல் தாங்காது. தாழ்ந்த ஸ்வரங்களுக்கு ஓர் அட்டவணை, உயர்ந்த ஸ்வரங்களுக்கு ஹார்மோனிக் குறைத்த இன்னோர் அட்டவணை என்று வைத்துக்கொள்வதே எளிய வழி. வணிக சிந்தசைசர்களிலும் இந்த வழக்கம் உண்டு.

இரண்டு அலைக்கு நடுவே

வேவ்டேபிள் சிந்தசிஸ் என்று இன்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: ஓர் அலையிலிருந்து இன்னொன்றுக்கு நழுவுவது. அலை2 என்று இன்னோர் அர்ரே போட்டு வேறு ஹார்மோனிக்குகளை ஏற்றுங்கள். இங்கே இரண்டு டேப்ஆஸ்க்4~ போடத் தோன்றும். வேண்டாம் என்பேன். தனித்தனியாக ஓடினால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஃபேஸர்~, ஒரே +~ 1, அதிலிருந்து இரண்டு டேப்ரீட்4~-க்குக் கோடு. அப்போது இரண்டு அட்டவணையும் எப்போதும் ஒரே புள்ளியில்தான் படிக்கப்படும்.

கலப்பதற்கு இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள், [-~]. விடையை 0 முதல் 1 வரை போகும் ஒரு மதிப்பால் பெருக்குங்கள், [*~]. அதோடு முதலாவதைக் கூட்டுங்கள், [+~]. 0 என்றால் அலை1 மட்டும், 1 என்றால் அலை2 மட்டும். அந்த மதிப்பை ஸ்லைடரிலிருந்து நேரே கொடுத்தால் கரகரக்கும். $1 20 என்ற மெசேஜ் வழியாக ($1 இருக்கும் இடத்தில் வருகிற மதிப்பு உட்காரும்) [லைன்~]-க்கு அனுப்பினால் 20 மில்லிசெகண்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொரு ஃபேஸர்~-ஐ 5 ஹெர்ட்ஸில் வைத்து, அதே *~ 512, +~ 1 வழியாக அதே அலை1-ஐப் படித்து, விடையை 4-ஆல் பெருக்கி 220-ஐக் கூட்டி, முதல் ஃபேஸர்~-இன் இன்லெட்டில் கொடுத்துப் பாருங்கள். ஒலியாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே அர்ரே இப்போது தன் சுருதியைத் தானே ஆட்டுகிறது.

பதிவு செய்த ஒலியை ஏற்றுவது

ஒலி1 என்று புதிய அர்ரே. [ஓபன்பேனல்] கொடுக்கும் கோப்பை ரீட் -ரீசைஸ் $1 ஒலி1 என்ற மெசேஜ் வழியாக [சவுண்ட்ஃபைலர்]-க்கு அனுப்புங்கள். அது ஏற்றிய சாம்பிள் எண்ணிக்கையைத் திருப்பித் தரும். 88,200 வந்தால் *~ 512 இருந்த இடத்தில் *~ 88200. ஃபேஸர்~-இன் வேகம் 44,100 வகுத்தல் 88,200, அதாவது 0.5. ஒலி அசல் வேகத்தில் சுழலும். 1 கொடுத்தால் ஓர் ஆக்டேவ் மேலே, -0.5 கொடுத்தால் பின்னோக்கி ஓடும்.

சுற்றின் முடிவில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கோப்பின் கடைசி மதிப்பும் முதல் மதிப்பும் பொருந்தாததால் வருவது அது. கையால் வரைந்த அலையிலும் இதே குதிப்பு உண்டு. நொடிக்கு 220 தடவை வரும்போது அது டிக்காகக் கேட்காமல் நாதத்தின் கூர்மையாகக் கேட்கிறது, அவ்வளவே வித்தியாசம். கோப்பு 48,000 சாம்பிள் வேகத்தில் பதிவானதாக இருந்தால் கணக்கில் 44,100-க்குப் பதில் 48,000 போடுங்கள், இல்லையென்றால் சுருதி இறங்கிவிடும். பேட்ச்சைச் சேமிக்கும் முன் இந்த அர்ரேயின் ப்ராப்பர்ட்டீஸில் சேவ் கன்டென்ட்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் 88,200 எண்களும் எழுத்தாகவே பேட்ச் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.