எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்புகிறவர்கள் போடும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிராசஸரின் மாடல் எண் முழுதாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டு எந்தக் கம்பெனி, அதில் எத்தனை ஃபேன் என்பது வரை இருக்கும். கடைசி வரியில் மட்டும் 'எஸ்.எம்.பி.எஸ். - 500 வாட், ஏதாவது ஒன்று' என்று எழுதியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். என்பது கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டி. மேலே இருக்கிற அத்தனைக்கும் கரண்ட் கொடுக்கப்போவது அந்த 'ஏதாவது ஒன்று'தான்.

மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரை முழுதாக அழுத்தாதது, பின்பக்க ஸ்விட்சைப் போட மறந்தது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். மெஷின் ஆன் ஆகாதபோதே அவை தெரிந்துவிடும். பணத்தைத் தின்னும் தவறுகள் வேறு.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்புவது

இன்னும் எரிச்சல் தருவது இதுதான். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் 500 என்று இருந்தால் 500 வாட் கிடைக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. விஷயம் முழுதும் அங்கேதான் இருக்கிறது.

மலிவான '500 வாட்' யூனிட் ஒன்றின் லேபிள் இப்படி இருக்கும் என்று வையுங்கள்: +3.3 வோல்ட்டில் 28 ஆம்பியர், +5 வோல்ட்டில் 36, +12 வோல்ட்டில் 17, -12 வோல்ட்டில் 0.8, ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டில் 2.5. ஒவ்வொன்றையும் பெருக்கிக் கூட்டுங்கள். 92.4, 180, 204, 9.6, 12.5, மொத்தம் 498.5. கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் இன்றைய மெஷினில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதை ஏறக்குறைய முழுதாக 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 3.3, 5 வோல்ட் லைன்களில் எஸ்.எஸ்.டி., யு.எஸ்.பி. என்று ஓடுவது சாதாரண மெஷினில் 50 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். ஆக இந்த '500 வாட்' யூனிட் உங்களுக்கு உபயோகப்படுகிற இடத்தில் 204 வாட்தான். ஒழுங்கான 550 வாட் யூனிட்டின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 45 ஆம்பியர் அளவில் இருக்கும். அதாவது 540 வாட்.

எனவே பார்க்க வேண்டியது ஒரே எண்: +12 வோல்ட் ஆம்பியர் × 12. பெட்டியில் போட்டிருக்கும் வாட்டுக்கு அது மிக அருகில் இருக்க வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் அங்கேயே கீழே வைத்துவிடுங்கள். சிலவற்றில் 12V1, 12V2 என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றின் ஆம்பியரை நீங்களே கூட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டு 18-ஐக் கூட்டினால் 36 ஆம்பியர், 432 வாட் என்று வரும். கீழே சின்ன எழுத்தில் இரண்டும் சேர்ந்து 360 வாட் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்துதான் செல்லும். 'பீக்' (கண நேர உச்சம்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். எத்தனை டிகிரி வெப்பத்தில் அந்த வாட் என்றும் பாருங்கள்: 25 டிகிரியில் 500 கொடுப்பதும், கேபினெட்டுக்குள் சகஜமான 40 டிகிரியில் 500 கொடுப்பதும் ஒன்றல்ல.

சரி, 204 வாட் யூனிட்டை மாட்டினால் என்ன ஆகும்? முதல் வாரம் ஒன்றும் ஆகாது. பிரவுசர், வீடியோ எல்லாம் நன்றாகவே ஓடும். கேம் போட்டதும் 115 வாட் கார்டும், டர்போவில், அதாவது முழு வேகத்தில், 117 வாட் வரை போகும் பிராசஸரும் சேர்ந்து இழுக்கும். தரமான யூனிட்டாக இருந்தால் ஓவர்லோடைக் கண்டு தானே அணைந்துவிடும். மலிவானதில் அந்தப் பாதுகாப்பே இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே சரியும். ஏடிஎக்ஸ் என்னும் எஸ்.எம்.பி.எஸ். தர விதியில் நெடுங்காலமாக அதுதான் கடைசி எல்லை. 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே காயிலில் கட்டிப்போட்ட பழைய டிசைனில் இன்னொரு கூத்தும் நடக்கும்: 12-ல் லோடு ஏற ஏற, 5 வோல்ட் லைன் மேலே ஏறும். ஹார்ட் டிஸ்க்கும் கேபிளில் இணையும் எஸ்.எஸ்.டி.யும் அந்த லைனில்தான் இருக்கின்றன.

வெளியே தெரிவது திடீர் ரீஸ்டார்ட் மட்டும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று விழும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோனது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. ஆனாலும் டிரைவரை மாற்றுவார்கள், விண்டோஸைத் திரும்பப் போடுவார்கள், ராமைக் கழற்றித் துடைப்பார்கள், கடைசியில் நல்ல கிராபிக்ஸ் கார்டையே மாற்றுவார்கள். இந்தப் புகாரோடு வரும் மெஷினில் முதலில் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். சந்தேகம் இருந்தால், லோடில் ஓடும்போதே மோலெக்ஸ் என்னும் பழைய நான்கு பின் கனெக்டரில் மஞ்சள்-கறுப்பு வயருக்கு இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாப்ட்வேர் காட்டும் வோல்டேஜை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரில் ரிப்பிள், அதாவது வோல்டேஜில் வரும் வேகமான ஏற்ற இறக்கம், தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 12 வோல்ட்டில் அதற்கு 120 மில்லிவோல்ட் எல்லை. பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும். விரிவான ரிவியூக்களைத் தேடிப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தேவைக்கு மேல் இரண்டு மடங்கு வாங்குவது

லேபிளைப் பார்த்துப் பயந்தவர்கள் அடுத்து விழும் குழி இது. பிராசஸரின் உச்ச வாட், கிராபிக்ஸ் கார்டின் வாட், மற்றவற்றுக்கு 60, கூட்டுங்கள். மேலே சொன்ன மெஷினுக்கு 292. இது யூனிட்டின் 60-70 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். நல்ல 450 வாட் தாராளம், நாளைக்குக் கார்டு மாற்றும் எண்ணம் இருந்தால் 550. அதே விலையில் கிடைக்கும் சுமாரான 850-ஐவிட ஒழுங்கான 550 மேல். 300 வாட்டைத் தாண்டும் கார்டுகள்தான் விதிவிலக்கு. அவை கண நேரத்துக்கு இரு மடங்கு வரைகூட இழுக்கும். அப்படிப்பட்ட கார்டுக்கு ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 யூனிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

80 பிளஸ் முத்திரையைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்வது

அது முக்கியமாக அளப்பது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதைத்தான். பாதுகாப்பு வசதி, ரிப்பிள், ஆயுள் எதையும் சொல்வதில்லை. முத்திரையில் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்ட் என்று படிகள் உண்டு: பாதி லோடில் பிரான்ஸ் என்றால் 85 சதவீதம் வீணாகாமல் கிடைக்கும், கோல்ட் என்றால் 90. 300 வாட் லோடில் வித்தியாசம் ஏறக்குறைய 20 வாட். தினம் 4 மணி நேரம் அந்த லோடில் ஓட்டினால் மாதத்துக்கு சுமார் 2.4 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். கரண்ட் பில்லுக்காகக் கோல்ட் வாங்குவது வீண். உள்ளே டிசி-டிசி கன்வர்ட்டர் (12 வோல்ட்டிலிருந்து 5, 3.3 வோல்ட்டைத் தனியே எடுக்கும் பகுதி), 105 டிகிரி வெப்பம் தாங்கும் கெப்பாசிட்டர், 5 வருட வாரண்டி, இத்தனையும் உள்ள பிரான்ஸ் கிடைத்தால் பட்ஜெட் மெஷினுக்கு அது போதும். மாடுலர் கேபிள் (யூனிட்டிலிருந்து கழற்றி மாட்டக்கூடியது), கலர் லைட் இரண்டையும் தயங்காமல் வெட்டலாம். முத்திரை போலியா என்று சந்தேகம் வந்தால், 80 பிளஸ் இணையதளப் பட்டியலில் மாடல் பெயரைத் தேடுங்கள்.

பழைய மாடுலர் கேபிளைப் புது யூனிட்டில் செருகுவது

கேபிள் கச்சிதமாகப் பொருந்தும். அதுதான் ஆபத்து. டிஸ்க் பக்கம் கனெக்டர் எல்லோருக்கும் பொது, எஸ்.எம்.பி.எஸ். பக்கம் எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் சீரிஸுக்கு சீரிஸ் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் அந்தக் கேபிளில் தொங்கும் டிஸ்க் அத்தனையும் ஒரே நொடியில் போகும், டேட்டாவோடு. யூனிட்டை மாற்றினால் கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள். கேபிள் இல்லாத பழைய மாடுலர் யூனிட்டை எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மோலெக்ஸ்-சாட்டா அடாப்டர்

பழைய மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து, டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டருக்கு மாற்றித் தரும் கேபிள் இது. அச்சில் வார்த்த ரகம் தீப்பிடிக்கலாம். வேண்டாம்.

115/230 ஸ்விட்ச்

பின்னால், லைன் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் இந்தச் சிவப்பு ஸ்விட்ச் இருந்தாலே ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) இல்லாத பழைய டிசைன் என்று பொருள். 230 வோல்ட் லைனில் அதை 115-ல் வைத்துப் போட்டால் வெடிக்கும்.

பேப்பர் கிளிப் சோதனையோடு திருப்தி அடைவது

24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். யூனிட் ஆன் ஆகிறது என்பதற்கு அது சாட்சி, லோடு தாங்கும் என்பதற்கு அல்ல.

யு.பி.எஸ்.ஸை மறப்பது

வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) வேறு, வாட் வேறு. 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவற்றில் 360 வாட்தான். அதுபோக, ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள யூனிட் சிலவற்றுக்கு மலிவு யு.பி.எஸ். தரும் படிக்கட்டு வடிவ அலை ஒத்துக்கொள்ளாது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில் மெஷின் அணைந்துவிடும். இதே அறிகுறி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் முதன்மைக் கெப்பாசிட்டரைச் சின்னதாகப் போட்டு மிச்சம் பிடித்த எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் வரும்: யு.பி.எஸ். மாறும் சில மில்லிசெகண்டைக்கூட அதனால் தாங்க முடியாது. பழி யார் மேல் என்று தெரிய, அதே யு.பி.எஸ்.ஸில் வேறொரு நல்ல யூனிட் உள்ள மெஷினை இணைத்து, சுவரில் யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அதற்கு முன் இரண்டு மெஷினிலும் திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்துவிடுங்கள்.