அந்தமானில் தீவு தீவாகச் சுற்றும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணமான கையோடு அந்தமான் போகிறவர்கள் வழக்கமாகச் சுற்றும் வட்டம் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் என்ற மூன்று ஊர்கள்தான். ஹேவ்லாக்கும் நீலும் 2018 இல் சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று பெயர் மாறின. போர்ட் பிளேர் 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் ஒரு பெயரும் பேச்சில் இன்னொரு பெயரும் வரலாம் என்பதால் இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, கப்பல் நேரம், சூரியன், ஓதம் (கடல் நீர் ஏறி வற்றுவது) மூன்றையும் பார்க்காமல் நாட்களை அடுக்குவதால் வருபவை.

கடைசி இரவைத் தீவில் வைப்பது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இது. காலையில் ஹேவ்லாக்கிலிருந்து கப்பல், மதியம் சென்னைக்கு விமானம் என்று திட்டம் போடுவார்கள். தாளில் கச்சிதமாக இருக்கும். காற்று பலமாக இருந்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். அடுத்த கப்பலில் இடம் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. ரத்தான கப்பலுக்குப் பணம் திரும்ப வரும். தவறவிட்ட விமானத்துக்கு வராது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அக்டோபர், நவம்பரில் தாழ்வு மண்டலம் எழும். அமைதியான மாதங்கள் டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் போனாலும் கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஹேவ்லாக் போய்விட்டு போர்ட் பிளேர் திரும்பி, மறுபடி நீலுக்குக் கப்பல் ஏறுவது. ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு நேராகவே கப்பல் உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆறு நாள் இருந்தால் முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு இரவு ஹேவ்லாக், ஓர் இரவு நீல், கடைசி இரவு போர்ட் பிளேர் என்று வட்டமாகப் போவதே சரி.

குரூஸ் என்றதும் சொகுசுக் கப்பலை எதிர்பார்ப்பது

மேக்ரஸ், நாட்டிகா போன்ற தனியார் கேட்டமரன்களை, அதாவது இரட்டை உடல் கொண்ட வேகக் கப்பல்களைத்தான் பயண முகவர்கள் குரூஸ் என்று விற்கிறார்கள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். விமானத்தில் போலவே வரிசை இருக்கை, மூடிய ஏசி அறை. மேல்தளத்தில் நின்று கடல் பார்க்க வேண்டுமென்றால் அதை அனுமதிக்கும் கப்பலா என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரசுக் கப்பலில் கட்டணம் மிகக் குறைவு, பயணம் இரண்டரை மணி நேரம் போல் ஆகும். ஆனால் தீவுவாசிகள் மருத்துவமனைக்கும் கடைக்கும் போவது அதில்தான். டிக்கெட் சுலபத்தில் கிடைக்காது.

எந்தத் துறை என்பதையும் பாருங்கள். தனியார் கப்பல்கள் ஹேடோ துறையிலிருந்தும், அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும் கிளம்புவது வழக்கம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றுக்குப் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலிலேயே போகலாமே என்ற ஆசையும் பலருக்கு உண்டு. அது ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். அரசின் பயணிகள் கப்பல், புறப்படும் தேதியும் மாறும். ஒரு வாரம் மட்டுமே லீவு கிடைத்தவர்களுக்கு ஒத்துவராது.

பெயரில் வரும் சிக்கல்

புதுத் தம்பதிகளுக்கு இது தனிக் கவனம். மனைவியின் ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல் இருக்கும். டிக்கெட்டை எடுத்தவர் கணவர் பெயரைச் சேர்த்துப் போட்டிருப்பார். கையில் இருக்கும் அடையாள அட்டையில் உள்ளபடியே விமானத்துக்கும் கப்பலுக்கும் எழுதுங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றுவதாக இருந்தால் திரும்பி வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சூரியனும் ஓதமும்

அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றே. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் ஐந்தரைக்குக் கிளம்பி ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம். துறையிலிருந்து அங்கே பத்து கிலோமீட்டருக்கு மேல். நான்கு மணிக்கே போய்விடுங்கள். ஹேவ்லாக்கிலேயே உள்ள எலிஃபன்ட் பீச் போன்ற இடங்களுக்கான படகையும் காலையிலேயே பிடிக்க வேண்டும். பிற்பகலில் வந்து இறங்கும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தால் அந்த நாள் போனது போலத்தான்.

நீல் தீவில் ஓதம் பார்க்காமல் போவது வீண். லட்சுமண்பூர் பக்கத்தில் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வற்றத்தில்தான் நடந்து போக முடியும். பரத்பூர் கடற்கரையில் படகும் ஸ்நார்க்கலிங்கும் (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து கீழே பார்ப்பது) நன்றாக இருப்பது நீர் ஏறியிருக்கும்போது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதனால் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு இரண்டில் ஒன்று தப்பிவிடும். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக அதிகம் வற்றும். பாலத்துக்கு அது தோதான நாள். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் கடலோர விடுதி எடுத்தவர்களுக்கு அதே நாளில் அறை வாசலில் பாறையும் சேறும்தான் தெரியும். குளிக்க ராதாநகர் போக வேண்டும். இரவில் கடல் நீர் மின்னுவதைத் துடுப்புப் படகில் போய்ப் பார்க்க நினைப்பவர்கள் அமாவாசையை ஒட்டிப் போங்கள். நிலா வெளிச்சத்தில் அது எடுபடாது.

குமட்டல் மாத்திரையும் ஸ்கூபாவும்

குமட்டல் ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். கீழ்த்தளத்தில், நடுவில் அல்லது பின்பக்கம் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். அந்த மயக்கத்தோடு அதே நாள் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவது ஆபத்து. ஸ்கூபாவை மறுநாள் காலைக்கு வையுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களும் பயிற்றுநரோடு, 12 மீட்டருக்கு மிகாமல், முங்கலாம். காது வலிக்கத் தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் அது நடக்காது, செவிப்பறை பாதிக்கப்படலாம். ஆஸ்துமா இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். நாள் தள்ளிப்போயிருந்தால், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே முங்காதீர்கள். கூச்சப்பட்டு மூடிவைக்கும் விஷயமில்லை இது.

முங்கிய பின் உடனே விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாகும். ஒருமுறை முங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை முங்கியவர்கள் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது.

மற்றவை

கடலில் உப்புநீர் முதலை உண்டு. 2010 இல் ராதாநகர் அருகே ஸ்நார்க்கலிங் செய்த ஒரு பெண் முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகையோ வலையோ இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். சதுப்பு ஓடைகள் கடலில் சேரும் இடத்திலும், இருட்டிய பிறகும் இறங்காதீர்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக நீலில். டிக்கெட், விடுதிச் சீட்டு எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். நெட்வொர்க் பல இடங்களில் விட்டுவிட்டுத்தான் வரும். ட்ரோன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மணல் ஈ கடிக்கும், கடற்கரையில் வெறும் மணலில் படுக்காமல் விரிப்பு போடுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு செத்ததுதானே என்று பையில் போடாதீர்கள். பவளமும் பல வகைச் சங்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. விமான நிலையச் சோதனையில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம்.