சமபடித்தான வகைக்கெழுச் சமன்பாட்டை விரைவாக அறிய

முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு சமபடித்தானதா என்று அறிய, டிஎக்ஸ், டிஒய் இரண்டையும் விட்டுவிட்டு, அவற்றின் கெழுக்களில் உள்ள ஒவ்வோர் உறுப்பிலும் எக்ஸ், ஒய் ஆகியவற்றின் அடுக்குகளைக் கூட்டுங்கள்; இக்கூட்டுத்தொகையே அந்த உறுப்பின் படி. எல்லாப் படிகளும் சமமானால் சமன்பாடு சமபடித்தானது; ஒய் = வி·எக்ஸ் எனப் பிரதியிட்டு வி, எக்ஸ் ஆகிய மாறிகளைப் பிரித்துவிடலாம். (எக்ஸ்² + ஒய்²) டிஎக்ஸ் = 2·எக்ஸ்·ஒய் டிஒய் என்பதில் மூன்று உறுப்புகளுக்கும் 2 வருகிறது.

காவிரிப் படுகையில் இரு வயல்களை மா என்னும் நில அளவில் அளந்தாலும் 20 மா கொண்ட வேலியில் அளந்தாலும் அவற்றின் விகிதம் மாறாததைப் போல, இங்கே இரு மாறிகளையும் ஒரே எண்ணால் பெருக்கினால் டிஒய்/டிஎக்ஸ் என்னும் பின்னத்தின் தொகுதியிலும் பகுதியிலும் அந்த எண் அடிபட்டுப் போவதால், அப்பின்னம் குறிக்கும் சாய்வு ஒய்/எக்ஸ் என்ற விகிதத்தை மட்டுமே சார்ந்திருக்கிறது. வர்க்கமூலத்துக்குள் உள்ள படியைப் பாதியாகக் கொள்ள வேண்டும். தேர்வில் பலர் தவறுவது இங்கேதான்.

சைன்(ஒய்/எக்ஸ்) வந்தால் அதன் படி 0, ஆனால் சைன் எக்ஸ் தனித்து வந்தால் இம்முறை பொதுவாகப் பொருந்தாது. எக்ஸ் + ஒய் + 1, எக்ஸ் − ஒய் + 3 போன்ற கெழுக்களில் மாறிலி இருப்பதால் இம்முறை நேரடியாகப் பயன்படாது. அக்கெழுக்கள் ஒவ்வொன்றையும் 0 எனக் கொண்டு கிடைக்கும் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு ஆதியை முதலில் நகர்த்த வேண்டும்.