கணினிகளை வகைவாரியாகப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர், மணலி பக்கத்து கன்டெய்னர் யார்டுகளுக்கு ஐடி வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாஸ்வேர்டு, பேக்கப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டெஸ்க்டாப், லேப்டாப் என்று குழு பிரித்து பாலிசி (கணினி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்புகள்) அனுப்பும் வேலையை மட்டும் பார்ப்போம்.

பாட்டரி இருந்தால் லேப்டாப் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். விண்டோஸிடம் 'வின்32_பேட்டரி' (பாட்டரி பற்றி விண்டோஸ் வைத்திருக்கும் விவரம்) இருக்கிறதா என்று கேட்டு, ஆம் என்றவற்றை எல்லாம் லேப்டாப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் யூஎஸ்பி கேபிளில் இணைத்த யூபிஎஸ்ஸையும் விண்டோஸ் பாட்டரியாகத்தான் எடுத்துக்கொள்ளும். விலை குறைந்த யூபிஎஸ்களில் அந்தக் கேபிள் இருக்காது என்பதால், அவற்றோடு சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும்.

ஒரு யார்டில் எடைமேடை கணினிக்கு இப்படித்தான் ஆயிற்று. லேப்டாப் பாலிசியில், பாட்டரியில் ஓடும்போது பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடு என்று இருந்தது. கரன்ட் போனது. யூபிஎஸ் நன்றாகத் தாங்கியது, கணினிதான் தூங்கிவிட்டது. எடை தராசிலிருந்து தானாக வருவதால் அங்கே கீபோர்டை யாரும் தொடுவதில்லை. தட்டி எழுப்பினாலும் தராசோடு இணைப்பு வரவில்லை. வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. கரன்ட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்றுதானே யூபிஎஸ் வாங்கினோம்!

அதற்குப் பதில், விண்டோஸின் 'வின்32_சிஸ்டம்என்க்ளோஷர்' தரும் சேசிஸ் எண்ணை, அதாவது கணினியின் உடல் எந்த வகை என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். 3 டெஸ்க்டாப்; 8, 9, 10, 14 லேப்டாப் வகைகள்; 30, 31, 32 டேப்லெட், மடக்கித் திருப்பும், கழற்றி மாட்டும் ரகங்கள். 9, 10 இரண்டோடு நிறுத்திவிட்டால் புது மாடல்கள் விட்டுப்போகும். இது ஒற்றை எண் அல்ல, பட்டியல். அதில் ஒன்றுக்கு மேலும் வரலாம். அப்புறம், பாலிசி அனுப்பும் முன் குழுவில் விழுந்த பெயர்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். எடைமேடை, கேட் கணினிகள் அதில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கணினியின் பெயரை வைத்துப் பிரிப்பது

வேண்டாம்.

மாடல் பெயர் எல்லா பிராண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்புவது

லெனோவோவில் மாடல் என்ற இடத்தில் வெறும் குறியீடுதான் வரும். திங்க்பேட் என்ற பெயர் 'வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம்புராடக்ட்' கீழே வெர்ஷனில் இருக்கும்.

அசெம்பிள் செய்த கணினிகள்

இவற்றில் பல, மாடல் கேட்டால் 'டு பி ஃபில்டு பை ஓ.ஈ.எம்.' (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்றே சொல்லும். சேசிஸ் எண்ணையும் நம்ப முடியாது. தனிக் குழுவில் வைத்து, ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.