மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முன் பயத்தை விரட்டிய விதம்

வலது முழங்கால் மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. என்ன செய்யப் போகிறார்கள் என்பது தெரிந்தால் பாதிப் பயம் போகும் என்று தோன்றியதால், அவரிடமே விவரமாகக் கேட்டேன். தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, தொடையெலும்பின் முனையில் கோபால்ட்-குரோமிய உலோக உறையையும், கீழ்க்கால் எலும்பின் மேல் டைட்டானியத் தட்டையும் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்பின் வேலையைச் செய்யப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைப்பார்களாம். செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்திருப்பதை அறிந்ததும் செலவுக் கவலையும் சற்றுக் குறைந்தது.

மீதிப் பயத்தை விரட்டியவர்கள் என் தோழிகள். "இனி விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டரே கூவி உன்னை வரவேற்கும்" என்று ஒருத்தி சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளேதான் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் அழைத்து வந்தாள். கால் தடுக்கும் மிதியடிகளையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டாள்.

முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி, தொடைத் தசையை ஐந்து விநாடிகள் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தந்திருக்கிறார். இன்னொரு தோழி வீடியோ அழைப்பில் வந்து எண்ணுகிறாள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வேண்டுமென்றே ஊர்க்கதை பேசுவாள். அந்தச் சிரிப்பில் வலியே தெரிவதில்லை.

அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. எந்த இரவு யார் எனக்குத் துணையிருப்பது என்று இப்போதே முறை போட்டு வைத்திருக்கிறார்கள்.